இரண்டாம் முறை நர்சானேன்

ரங்கூனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தூத்துக்குடிக்கு வந்த பிறகு அதே மாதிரி ஒரு வார்டில் ஆயாவாகச் சேர்ந்தேன். தரை துடைத்தேன், துணி அலசினேன், நர்சுகள் கட்டுப் போடும்போது பக்கத்தில் அழுக்குப் பஞ்சு போடும் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை எனக்குக் கேவலமாகப் படவில்லை. படிப்பில் சேர்ந்த புதிதில் ரங்கூனிலும் அதைத்தான் செய்தேன். கை சும்மா இருக்காது, அதுதான் கஷ்டமாக இருந்தது. வலி எடுத்துக் கத்துகிற பெண்ணின் வயிற்றில் கை தானாகப் போகும். "ஆயா, தள்ளி நில்லு" என்று சின்ன வயது நர்சுகள் சொல்வார்கள். தள்ளி நிற்பேன்.

அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே எங்களைப் பர்மாவுக்குக் கூட்டிப்போனவர். ரங்கூன் ஆற்றில் ஒரு நீராவிப் படகில் வேலை. நான் நர்சு படிப்பில் சேர்ந்தபோது பர்மா இந்தியாவோடு இருந்தது. படித்து முடிக்கும்போது அதைத் தனி நாடாகப் பிரித்திருந்தார்கள். நாங்கள் இருந்த தெருவில் எதுவும் மாறவில்லை, அதனால் நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அங்கேயே அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் இரவு வேலை முடித்து வரும்போது அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும் என்னையும் பிள்ளையையும் எப்படியோ ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார். மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். துறைமுகத்து ஆட்களை அரசாங்கம் இன்னும் விடவில்லை.

"அடுத்த கப்பல்ல நான் வந்துருவேன்" என்றார். "பிள்ளைக்குத் தலை நனையாமப் பாத்துக்க."

அவர் கடைசியாக என்னிடம் சொன்னது அதுதான்.

மதராஸில் இறங்கி, ரயிலேறித் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து புன்னைக்காயலில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்த அண்ணனை நான் அத்தான் என்பேன். சங்கு குளிக்கிறவர். வருஷக்கணக்காக ஆழத்தில் மூழ்கி எழுந்து காதுச் சவ்வு கிழிந்துபோனவர். அவரிடம் எதையும் உரக்கக் கத்தித்தான் சொல்லவேண்டும். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மூன்றும் ஆண் பிள்ளைகள் அவர்களுக்கு. என் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "ஏளா, இந்த வீட்டுக்கு ஒரு பொட்டப்பிள்ள வந்துட்டு" என்பது.

அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் வரவில்லை. பிறகு கப்பலே நின்றுபோனது.

அத்தான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. யுத்த காலத்தில் கடலுக்குப் போவதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு, அவர்கள் பாடே திண்டாட்டம். என் ரங்கூன் சான்றிதழை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். என்னை உட்காரவைத்துப் பேசினார். நர்சாக எடுக்கவேண்டுமென்றால் மதராஸ் மாகாணத்துப் பதிவேட்டில் என் பெயர் இருக்கவேண்டும் என்றார். இந்தியாவுக்குள்ளேயே இன்னொரு மாகாணத்தில் பதிந்தவர்களுக்குப் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ரங்கூன் இப்போது வேறு தேசம். டாக்டரம்மாவே எனக்காக எழுதிப் போட்டார். பதில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"உன் பேரு ரங்கூன் பதிவுல இருக்குன்னு அங்க இருந்து ஒரு வரி எழுதி வந்தாப் போதும்னு சொல்லுதாவ. வேற ஒண்ணும் கேக்கல."

"ரங்கூன்ல இப்ப ஜப்பான்காரன்லா இருக்கான், டாக்டரம்மா."

"தெரியும்" என்றார். வந்த பதிலை மடித்து உறையில் போட்டார். "அவங்களுக்கும் தெரியும். சட்டம் அப்படி இருக்கு. நான் என்னம்மா செய்ய?"

அவர் செய்யக்கூடியது ஆயா வேலை கொடுப்பதுதான். கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆயாக்களுக்கென்று இருந்த அறையில் மகளோடு தங்கிக்கொண்டேன். அங்கேதான் அவள் நடக்கப் பழகினாள். உப்பளத்துக் காற்று அடித்து அவளுடைய உதடு எப்போதும் வெடித்திருக்கும், நெய் தடவிவிடுவேன். நான் வார்டில் இருக்கும்போது வேலையில்லாத ஆயா யாராவது அவளை வைத்துக்கொள்வார்கள். நான் வருகிற சத்தம் கேட்டால் "அம்மா, அம்மா" என்று வாசலுக்கு ஓடிவருவாள். அந்தக் குரலை இதில் எழுதிவைக்க எனக்குத் தெரியவில்லை. அப்போது அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆள் குறைந்த நாட்களில் என்னை ஆண்கள் வார்டுக்கும் அனுப்புவார்கள். அங்கே ஒரு காயல்பட்டினத்துக்காரர் வந்து சேர்ந்தார். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். கப்பல் கிடைக்காமல் காட்டுவழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். காலில் ஆறாத புண். நர்சு கட்டை அவிழ்க்கும்போது பேசினைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீ ரங்கூன் ஆஸ்பத்திரியில இருந்த பிள்ளைதான? துறைமுகத்துல இருந்தாரே, புன்னைக்காயல்காரரு, அவரு சம்சாரம்?"

பேசினை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டேன். "ஆமா. அவுகளப் பாத்தீகளா?"

"பாத்தேன்மா. வார வழியில, மலைக்கு இந்தப் பக்கம் இறங்குத இடத்துல. ரெண்டு காலும் வீங்கிப்போயி ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. காய்ச்சலு. எந்திரிங்க, சேந்து போவோம்னேன். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்னாரு."

"பொறவு?"

"பொறவு நான் திரும்பிப் பாக்கலம்மா." அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த வழியில யாரும் திரும்பிப் பாக்க மாட்டாவ."

நர்சு கட்டுப் போட்டு முடித்தாள். பேசினைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவைத்தேன். அன்று மாலை வரை எனக்கு வேலை இருந்தது.

புன்னைக்காயலில் போய்ச் சொன்னபோது அத்தான் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். "பின்னால வாரேன்னு சொல்லியிருக்கான். வருவான்." அன்றிலிருந்து அவர் கேட்கும்படியாக வேறு விதமாக யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை மறுபடி முதலிலிருந்து பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். முழுப் படிப்பையும் திரும்பப் படித்து, பரீட்சை எழுதி, புது நர்சாகவே பதிவு செய்துகொள்ளலாம். விடுதியில்தான் தங்கவேண்டும்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் டாக்டரம்மா. சொல்லத் தயங்கினார். "கல்யாணமாகாதவங்களத்தான் எடுப்பாங்க. இல்லன்னா விதவைங்கள. பிள்ளையக் கூட வச்சிக்க முடியாது."

விண்ணப்பத்தில் கேட்டிருந்தது அந்த இரண்டைத்தான். மணமாகாதவரா, விதவையா. நான் இரண்டும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மகள் அறை வாசலில் யாரோ கொடுத்த காலிச் சீசாவில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயாவாகவே இருந்துவிடலாமா என்று அன்று முழுக்க நினைத்தேன். ஆனால் அந்தக் கூலியில் அவளைப் படிக்கவைக்க முடியாது. நாளைக்கு அவளும் அதே அறையில் வளர்ந்து அதே பேசினைத்தான் பிடிப்பாள். அது தவிர, உண்மையைச் சொல்வதானால், எனக்கு என் வேலை வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போனேன். அத்தானிடம் கேட்காமல் அதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவர் முற்றத்தில் வலையைப் பரப்பிப்போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"என்னம்மா சொல்லுத? உரக்கச் சொல்லு."

"விதவைன்னு எழுதணுமாம், அத்தான்!"

தெருவில் மீன் கூடையோடு போன பெண் நின்றுவிட்டாள். எதிர் வீட்டில் பேச்சு நின்றது. அந்த வார்த்தையை என் வாயால் ஊர் கேட்கக் கத்தும்படி ஆயிற்று. அத்தான் வலையைக் கீழே வைத்தார்.

"எந்தம்பி செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, அத்தான்."

"பொறவு எப்படி எழுதுவ?"

அக்கா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். என் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அக்கா புருஷனின் காதருகே குனிந்தாள்.

"காயிதத்துல எழுதிட்டா மனுசன் செத்துருவாராக்கும்? அவ பிழைக்கணும்லா. பிள்ள பிழைக்கணும்லா. நீங்க சும்மா இருங்க."

அத்தான் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகப் பையன்கள் வந்து சொன்னார்கள். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக்க" என்றார். "ஆனா அவனுக்குன்னு பூசை கீசை வைக்கச் சொல்லிச் சாமியாருகிட்டப் போயிராத. அது வேண்டாம்."

அவர் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. இந்த நாள்வரை பிள்ளையின் அப்பாவுக்காக, செத்தவர்களுக்கென்று மாதா கோயிலில் வைக்கும் பூசை ஒன்றுகூட வைக்கவில்லை.

அக்கா வீட்டு மேசையில் வைத்துத்தான் அந்த வார்த்தையை எழுதினேன். பிறகு கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். விடுதியில் அதைப் போட்டுக்கொள்ள முடியாதே. அவள் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. நான்தான் அவள் மடியில் வைத்தேன்.

பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்லிக்கொண்டு போகாதே, அழுதால் உன்னால் கிளம்ப முடியாது என்று அக்கா சொன்னாள். அதுவும் சரிதான். மகள் கொல்லையில் பையன்களோடு சிப்பிகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெயிலில் தலை பழுப்பாக மின்னியது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு நடந்தேன்.

மதுரையில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பெண்கள். அவர்களோடு வரிசையில் நின்று படுக்கை விரிக்கவும் ஜுரம் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். தெரிந்ததைத் தெரியாததுபோல் மறுபடி கற்பது ஒரு விதத்தில் நிம்மதி. மனசுக்கு வேலை இல்லை. ஆனால் அதனாலேயே மனசு புன்னைக்காயலுக்குப் போய்விடும். விதவை என்று தெரிந்ததால் அந்தப் பெண்கள் என்னிடம் மரியாதையாக நடந்தார்கள். அவர் எப்படி இறந்தார் என்று ஒருத்தி கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்குப் போக விடுவார்கள். முதல் தடவை போனபோது மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மடியில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் மடிக்கு வரவில்லை. நான் வாங்கிப்போன ரிப்பனை அக்காவிடம் கொடுத்துப் பின்னிவிடச் சொன்னாள். அக்காவின் பையன்கள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவார்கள். அது முறைதான். அவளும் அவர்களோடு சேர்ந்து, "சித்தி, எங்களுக்கு முட்டாய் இல்லியா?" என்றாள்.

அக்கா பதறிப்போனாள். "ஏட்டி, அது ஒன் அம்மைட்டி! நான் பெரியம்ம. எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

பிள்ளை சிரித்தாள். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் சொல்லுதேன்ளா. மாதா சத்தியமா தெனமும் சொல்லுதேன். மத்தவனுவ என்னை அம்மாங்கானுவ, அவளும் அம்மாங்கா."

அவள் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் ஒரு குறையும் சொல்ல எனக்கு வாயில்லை.

யுத்தம் முடிந்தது. என் கடைசிப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருந்தபோது, மதுரை விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒரு நர்சு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் ரங்கூனில் நர்சு படித்து ஓடிவந்தவளாம். இத்தனை வருஷமும் தாய்வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாளாம். வெள்ளைக்காரர்கள் ரங்கூனைத் திரும்பப் பிடித்ததும் கடிதம் போட்டாளாம். அங்கே பழைய பதிவேடுகள் பத்திரமாக இருந்திருக்கின்றன. வேண்டிய பதில் வந்து, இப்போது மதராஸ் பதிவில் அவள் பெயர் ஏறிவிட்டதாம்.

"ஒரே ஒரு கடுதாசி அக்கா, வேலை முடிஞ்சுபோச்சு!" என்று என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் ரங்கூன்காரி என்பது அவளுக்குத் தெரியாது.

நல்லது என்றேன். தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். தாய்வீடு இருந்தவள் காத்திருந்தாள், எனக்கு அது இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். தட்டைக் குழாயடிக்கு எடுத்துப்போனேன். ரொம்ப நேரம் அந்தத் தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன்.

பாஸானேன். பெயர் பதிவானது. டாக்டரம்மா தூத்துக்குடிக்கே என்னை எடுத்துக்கொண்டார். முதல் நாள் வெள்ளை உடுப்போடு வார்டுக்குள் நுழைந்தபோது பழைய ஆயாக்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மக எங்க? கூட்டியாரலியா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். மாதா கோயில் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்தேன். பிள்ளைக்கு ஒரு பாய், தலையணை, கண்ணாடி எல்லாம் வாங்கி வைத்தேன். அப்படியே போய்க் கூட்டிவரவும் செய்தேன்.

அத்தான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் வரும் இடம் வரை வந்தார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிய அலறல் அவருக்கே கேட்டிருக்கும். அக்கா வாசலுக்கு வரவில்லை.

தூத்துக்குடி வீட்டில் அவள் அடம்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். விருந்துக்கு வந்த பிள்ளைபோல அடக்கமாக இருந்தாள். போட்ட சோற்றில் பாதியை வைத்துவிடுவாள். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"எப்ப சித்தி ஊருக்குப் போவோம்?"

"இதுதான்மா நம்ம வீடு."

"சரி" என்பாள். கொஞ்சம் கழித்து, "அம்மா தேடுவாவ" என்பாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஈரத் துணி போட்டேன், கஞ்சி கொடுத்தேன், டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார் அவர். எனக்கும் அது தெரியும். காய்ச்சல் வேகத்தில் அவள் அம்மா அம்மா என்று அனத்தும்போதெல்லாம் நான் "என்னம்மா" என்று பக்கத்தில் போவேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். மறுபடி மூடிக்கொள்வாள்.

அத்தான் பார்க்க வந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்க அவளும் அடுப்புப் பத்தவைக்கல. பயலுவ பக்கத்து வீட்டுல தின்னுதானுவ. ஒன்னக் குத்தம் சொல்லல, தாயி. ஒம் பிள்ள. நீ என்ன சொல்லுதியோ அதான்."

காய்ச்சல் இறங்கியதும் நானே கொண்டுபோய் விட்டேன். தெருமுனை வந்ததும் அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அக்கா கலைந்த தலையோடு வெளியே வந்து அவளை வாரி எடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்ததும் அவளை இறக்கிவிட்டு அழுதாள். "உள்ள வாளா. ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தேன். மகள் அக்காவின் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து பஸ் ஏறிப் போய்வருவேன். காட்டுவழியில் உட்கார்ந்துவிட்ட அவரைப் பற்றித் தகவல் கேட்டு அகதிகள் விவகாரத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். எதுவும் தெரியவரவில்லை. அத்தான் கடைசிவரை நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை எப்போது போனது என்று தெரியாது. அந்த வார்த்தையை எழுதிய அன்று போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தலைவாரிவிட என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அதுவே பெரிய காரியம். பள்ளிக்கூடத்தில் உறவுமுறை எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"சித்தி, நீங்க எங்கம்மாவுக்கு என்ன வேணும்?"

சீப்பு முடியில் நின்றது. குசினியில் பாத்திரச் சத்தமும் நின்றது.

"தங்கச்சி" என்றேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னி முடித்ததும் எழுந்து பையன்களிடம் போய்விட்டாள். அக்கா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்ளா அப்படிச் சொன்ன? நான் தெனமும் எதச் சொல்லிக் குடுக்கேன், நீ எதச் சொல்லுத?"

"முறை அதுதானக்கா" என்றேன்.

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே பிள்ளைகள் யாரையோ துரத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அக்காதான் என்னை எழுப்பிவிட்டாள்.